பக்கத்துப் பிள்ளையின் தட்டு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், தலை நரைத்த பிறகு மறுபடியும் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடும்படி ஆனது. ஊர் கேரளாவில், கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரி. தமிழ்நாட்டை விட்டு நான் வெளியே போனதும் அதுதான் முதல் தடவை. வெளியூர் போனவர்கள் பார்த்த இடங்களைப் பற்றி எழுதுவார்கள். நான் போன இடத்தில் ஒரு காரியத்தைக் கெடுத்துவிட்டு வந்தேன். அதனால் பெரும்பாலும் அதைப் பற்றித்தான் எழுத முடிகிறது.

நான் விருதுநகரில் ஒரு ஹோட்டலில் மேசை துடைக்கிறேன். சேர்ந்த புதிதில் எச்சில் இலை எடுத்தேன். இலை போய்த் தட்டு வந்தது. இப்போது தட்டு எடுக்கிறேன். சப்ளையர் ஆகிக்கொள் என்று முதலாளி பல தடவை சொன்னார். சப்ளையர் என்றால் வருகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று வாய் திறந்து கேட்க வேண்டும். மேசை துடைக்கிறவனிடம் யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுவே வசதியாக இருந்தது.

என் மகள் சுதா பல்கலைக்கழகத்தில் கல்வி பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அவள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் நான் விழிப்பேன். இந்தத் தடவை பஸ்ஸில் அவளே எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

"எல்லாரையும் சமமா நடத்தணும்னு பாடத்துல எழுதிப் போட்டா பிள்ளைங்க படிச்சு மார்க் வாங்கிரும்ப்பா. ஆனா அந்தக் குணம் வராது. டீச்சர் எங்க நிக்கிறாங்க, யார் பக்கத்துல உட்கார்றாங்க, கையால என்ன செய்றாங்க, அதைப் பார்த்துத்தான் வருது. நான் அதைத்தான் பார்க்கப் போறேன்."

"உடம்பாலயே சொல்லிக் குடுக்கிறது" என்றேன்.

"ஆமாப்பா, அதேதான்!" என்று சிரித்தாள். சரியான பதில் சொன்ன பிள்ளை போல எனக்குள் ஒரு சந்தோஷம்.

வழக்கமாக அவளோடு போகும் தோழிக்குக் காய்ச்சல். படம் எடுக்கும் போனை மூன்று கால் ஸ்டாண்டில் வைத்துவிட்டு, யாரும் தட்டிவிடாமல் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் ஹோட்டலையும் வெள்ளையடிக்க மூடியிருந்தார்கள். "நீங்க சும்மா நின்னாப் போதும்பா. ஒண்ணுமே செய்யக் கூடாது, அதுதான் வேலை" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

கொச்சியில் இறங்கும்போது நல்ல மழை. ஆட்டோக்காரர் பையையும் எங்களையும் பார்த்தார், நேராகக் கொட்டாரத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். கொட்டாரம் என்றால் அரண்மனை. நாங்கள் போக வேண்டியது சுள்ளிக்கல்லில் ஒரு வீட்டு மாடி அறைக்கு.

"வெளியூர்லேர்ந்து பேக்கோட வர்றவங்க வேற எங்க போவாங்க சேச்சி? எல்லாரும் இங்கதான் இறங்குவாங்க" என்று தன் மேல் தப்பே இல்லாத மாதிரி மலையாளத்தில் சொன்னார். திரும்பும் வழியில் லாரி ஒன்று மறித்துக்கொண்டது. இறங்கிக் கடைத்தெரு வழியாக நடந்தோம். சரக்குக் கிட்டங்கிகளின் தாழ்வாரத்தில் ஆடுகள் மழைக்கு ஒதுங்கி, சுமைதூக்கும் ஆட்களோடு சரிசமமாக நின்றன. எங்கள் ஊரும் கிட்டங்கி ஊர்தான். அங்கே மிளகாய் வற்றல் மூட்டையைக் கடந்தால் தும்மல் வரும். இங்கே சுக்கும் மிளகும் ஏலமும் சேர்ந்து வீசிய வாசனையில் எனக்குப் பசி வந்தது.

சாப்பிட நுழைந்த கடையில் மேசைமேல் இளஞ்சிவப்பாக ஒரு ஜக் தண்ணீர். யாரோ வெற்றிலை எச்சிலைக் கழுவி ஊற்றியிருக்கிறார்கள் என்று நினைத்து, அதை எடுத்துக் கொட்டப் போய்விட்டேன். சுதா கையைப் பிடித்தாள். ஏதோ மரப்பட்டை போட்டுக் காய்ச்சிய குடிதண்ணீராம். சூடாக, துவர்ப்பாக, குடித்ததும் வயிற்றுக்கு இதமாக இருந்தது. புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்டோம். முடித்ததும் எங்கள் தட்டுகளோடு பக்கத்து மேசைத் தட்டுகளும் என் கையில் இருந்தன. எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

பரிமாறியவர் தென்காசிப் பக்கத்து ஆள். ஓடிவந்து வாங்கிக்கொண்டார். "அண்ணாச்சி, என் பொழப்புல மண்ணப் போட்டுராதீங்க" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எந்தக் கடைல இருக்கீக? அடுக்குற பதத்துலயே தெரியுதே" என்றார்.

நான் விருதுநகர் என்றேன். சுதா சுவரில் இருந்த விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடம். பெயரை எழுத வேண்டாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள். ஓட்டுக் கூரை, நீளமான வராந்தா, ஓரத்தில் வரிசையாகக் குழாய்கள். ஜமீலா டீச்சர் எங்களை எதிர்கொண்டு அழைத்தார். ஒல்லியான அம்மா, மெதுவான பேச்சு. அவர் பேசியது மலையாளம். எனக்குப் புரிந்த அளவில் தமிழில் எழுதுகிறேன்.

"அப்பாவா? என்ன செய்றார்?"

"அப்பா ஹோட்டல் லைன்ல இருக்காங்க டீச்சர்" என்றாள் சுதா.

"ஓ, ஹோட்டலா! சொந்தக் கடையை விட்டுட்டு மகளுக்காக வந்திருக்காரே, பெரிய விஷயம்."

சுதா ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டவில்லை. ஆட்டிய பிறகு நாற்காலி போட்டார்கள், சாயா வந்தது. அந்தச் சாயாவை ஹோட்டல் முதலாளியாக உட்கார்ந்து குடித்தேன்.

சுதா பார்க்க வந்தது மத்தியானச் சாப்பாட்டை. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் வராந்தாவில் வட்டமாக உட்காரும். டீச்சரும் அந்த வட்டத்தில் ஓர் ஆள். சாப்பிட்டு முடித்ததும் யாரும் தன் தட்டைக் கழுவுவதில்லை. தனக்கு வலது பக்கம் இருப்பவரின் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைக்க வேண்டும். வட்டமாக இருப்பதால் யாருடைய தட்டும் விட்டுப்போகாது. மட்டாஞ்சேரியில் பத்துவிதமான வீட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். ஒருவர் எச்சிலை ஒருவர் தொடுவதென்றால் முதலில் எத்தனை வீடுகளிலிருந்து சண்டைக்கு வந்தார்கள் என்று டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆனால் இப்படிச் செய்யுங்கள் என்று அவர் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். பள்ளி திறந்த நாளிலிருந்து தன் பக்கத்துப் பிள்ளையின் தட்டை எடுத்துப் போய்க் கழுவுகிறார், அவ்வளவுதான். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. புதிதாக வந்த பிள்ளைகள் முதலில் வேடிக்கை பார்க்கும், பிறகு ஒவ்வொன்றாகக் கை நீட்டும். இந்த வருஷம் எல்லாரும் நீட்டிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் பாக்கி. மீனு என்று பெயர். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை.

"அவ எப்ப, எதைப் பார்த்துக் கையை நீட்டுறாங்கிறதுதான்பா எனக்கு வேணும்" என்றாள் சுதா. "அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தது. நடுவுல வெளி ஆள் யாரும் ஒண்ணும் செஞ்சிரக் கூடாது."

அன்றைக்கு நான் ஸ்டாண்ட் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்தார்கள். வட்டம் கலைந்தது. மீனு கையை மடியில் வைத்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வலது பக்கம் இருந்த ஆஷிக் என்ற பையன் தன் தட்டுக்கு முன்னால் காத்துக்கொண்டிருந்தான். கோபப்படவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டீச்சரே வந்து அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். மீனுவை ஏறிட்டும் பார்க்கவில்லை.

எனக்குக் கை குறுகுறுத்தது. ஆனாலும் அசையாமல் நின்றேன். "பரவாயில்லையேப்பா" என்றாள் சுதா. சாயங்காலம் எனக்கு வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரி வாங்கித் தந்தாள். எங்கள் ஊர் பஜ்ஜியைவிட இனிப்பு, எண்ணெயும் கூட. இரண்டு தின்றேன்.

அடுத்த நாள் டீச்சர் சுதாவையும் வட்டத்தில் உட்காரச் சொன்னார். போன் படம் எடுத்துக்கொண்டிருந்தது. சோறு, சாம்பார், முட்டை. மழை ஓட்டின்மேல் கொட்டியது. சாப்பாடு முடிகிற நேரம். மீனு ஆஷிக்கின் தட்டைப் பார்த்தாள். மஞ்சள் கருவைப் பிசைந்து, பாதி தின்று, பாதியைத் தட்டு முழுக்கப் பூசி வைத்திருந்தான். அவள் வேறு பக்கம் பார்த்தாள். மறுபடி அதைப் பார்த்தாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். பிறகு நீட்டினாள்.

அவள் விரல் தட்டின் விளிம்பைத் தொட்டதை நான் பார்த்தேன். தட்டு சாய்ந்தது. சாம்பார் பாயில் கொட்டப் போகிறது.

தட்டு சாய்ந்தால் என் கை போகும். நான் அனுப்புவதில்லை, அதுவாகப் போகும். ஆஷிக்கின் தட்டு என் கையில் இருந்தது. ஒரு தட்டு கைக்கு வந்துவிட்டால் அடுத்தது தானாக வரும். மிச்சத்தை மேல் தட்டில் வழித்து, கீழே ஒன்று, இடது முழங்கைவரை ஒன்று என்று வட்டத்தைச் சுற்றி வந்துவிட்டேன். கடைசித் தட்டை எடுத்தபோது பிள்ளைகள் கையைத் தட்டினார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. "பாத்ரம் மாமன்! பாத்ரம் மாமன்!" என்று ஒரு பிள்ளை கத்த, எல்லாப் பிள்ளைகளும் கத்தின. பாத்ரம் என்றால் அங்கே பாத்திரம். நான் லேசாகக் குனிந்து வணக்கம்கூட வைத்தேன், அடுக்கிய கையோடு.

அப்போதுதான் டீச்சரைப் பார்த்தேன். அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். பக்கத்துப் பிள்ளையின் தட்டை எடுக்கத் தயாராக நீட்டிய கை, ஒன்றும் இல்லாமல் அப்படியே இருந்தது. மீனு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு மற்ற பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டிருந்தாள். சுதா தலை நிமிரவில்லை.

குழாயடியில் வைத்து டீச்சர் மெதுவாகக் கேட்டார். "நல்ல பழகின கை. எத்தனை வருஷமா இந்த வேலை?"

கிண்டல் இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது, அவ்வளவுதான். "ரொம்ப வருஷம்" என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து நான் குடித்த சாயாவை அவரும் நினைத்திருப்பார்.

வெளியே வந்ததும் சுதா கேட்டாள். "சும்மா நிக்கிறது அவ்வளவு கஷ்டமாப்பா?"

 அறைவரை குடைக்குள் என்னோடு ஒட்டித்தான் வந்தாள். ஆனால் பேசவில்லை.

மறுநாள் நிலைமை இன்னும் மோசம். நான் ஸ்டாண்ட் பின்னால் கையைப் பின்பக்கம் கட்டிக்கொண்டு, சுவரோடு சுவராக நின்றேன். சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் குழாய்க்குப் போகவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். "மாமா, காட்டுங்க! நேத்து மாதிரி!" நான் அசையவில்லை என்றதும் தட்டுகளை என் காலடியில் வைத்துவிட்டு ஓடினார்கள். முதலில் வைத்தது மீனு. நன்றாகப் பழகிவிட்டிருந்த பிள்ளைகளும் வைத்தார்கள். இரண்டு பேர் என்னைப் போலவே கையில் அடுக்கப் பார்த்து, எல்லாம் சரிந்து, வராந்தா முழுக்கச் சத்தம். பக்கத்து வகுப்பு டீச்சர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

ஜமீலா டீச்சர் தன் பக்கத்துப் பிள்ளையின் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு எப்போதும் போல நடந்தார். அவர் பின்னால் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். மாதக் கணக்கில் ஒன்றும் பேசாமல் அவர் செய்த வேலை, ஒன்றும் பேசாத என்னால் ஒரே மத்தியானத்தில் போயிருந்தது.

அன்று சாயங்காலம் சுதா அறையில் உட்கார்ந்து, முந்தின நாள் படத்தை லேப்டாப்பில் போட்டாள். "வாங்கப்பா, நீங்களும் பாருங்க" என்றாள். நான் என்னை அப்படி முழுசாகப் பார்த்ததில்லை. தோளைக் குறுக்கிக்கொண்டு, யார் மேலும் படாமல் பக்கவாட்டில் நடக்கிறேன். தட்டை எடுக்கும்போது ஆளின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. சின்னப் பிள்ளைகள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பாதியில் எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

சுதா ஓர் இடத்தில் நிறுத்தினாள். பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினாள். நான் ஆஷிக்கின் தட்டுக்குப் பாய்வதற்கு முன்னால், வட்டத்தின் அந்தப் பக்கம் சுதா சாப்பிட்டு முடிக்கிறாள். டீச்சரிடம் ஏதோ பேசிக்கொண்டே, பார்க்காமல், தன் தட்டை விரலால் முன்னே தள்ளிவிடுகிறாள். கொஞ்சம்தான். மேசையில் சாப்பிட்டு எழுகிறவர்கள் தள்ளிவைக்கிற மாதிரி.

"இதை எப்பப்பா படிச்சேன் நான்?"

படத்தை மறுபடி அதே இடத்துக்குக் கொண்டுவந்தாள்.

"அந்த வட்டத்துல யாரும் தள்ளலை பாருங்க. டீச்சர் தள்ளலை, பிள்ளைங்க தள்ளலை. நான் மட்டும் தள்றேன். நீங்க எங்கயோ நிக்கிறீங்க, வந்து எடுத்துருவீங்கன்னு என் விரலுக்குத் தெரியுது." அவள் குரல் மாறியது. "இதைத்தான்பா நான் ஊர் ஊராப் போய்த் தேடிட்டு இருக்கேன்."

வீட்டில் அவள் சாப்பிட்டால் தட்டை நான்தான் எடுப்பேன். படிக்கிற பிள்ளை என்று எடுத்தேன். கடையில் ஊரார் தட்டை எடுக்கிறவன் மகள் தட்டை எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று எடுத்தேன். அதில் ஒரு பாடம் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னது? இதுவரை நான் வெட்கப்பட்டது டீச்சருக்கு என் வேலை தெரிந்துவிட்டதே என்று. இப்போது வேறு மாதிரி இருந்தது. "நான் ஊருக்குப் போறேன் சுதா" என்றேன். அவள் லேப்டாப்பை மூடினாள்.

சனிக்கிழமை பள்ளி இல்லை. காலையில் அவள் எழுவதற்கு முன்னால் கிளம்பி ஃபோர்ட் கொச்சிவரை நடந்தேன். எங்கே போவது என்று இல்லை. கடற்கரையில் எல்லாரும் ஒரு பக்கமாகப் போனார்கள், நானும் போனேன். வண்டிகளையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றும் பெரிய படகு ஒன்று நின்றது. ஜங்கார் என்கிறார்கள். கூட்டம் தள்ளியதில் உள்ளே போய்விட்டேன். எதிர்க்கரைக்குப் போய் நின்றதும்தான் அது வைப்பின் தீவு என்று போர்டில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படித்தேன். இறங்கினால் எந்தப் படகில் திரும்புவது என்று யாரிடமாவது கேட்க வேண்டும். அதனால் இறங்காமல் ஓரமாக நின்று அதிலேயே திரும்பினேன். இந்தக் கரை வந்ததும் ஸ்கூட்டர்கள் மளமளவென்று ஏறியதில் வெளியே வர வழியில்லாமல் மறுபடி ஒரு தடவை வைப்பின் போனேன்.

பக்கத்தில் மீன் கூடையோடு நின்ற ஓர் அம்மா இன்னொருத்தியிடம் என்னைக் காட்டி மலையாளத்தில் சொன்னார். "இந்த ஆளு காத்து வாங்க வந்திருக்காரு போல. இறங்கவே மாட்டேங்கிறாரு."

"பொண்டாட்டி துரத்தியிருப்பா" என்றாள் மற்றவள்.

அவர்கள் சிரித்ததில் எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. மறுபடி இந்தக் கரை தட்டும்போது எல்லாருக்கும் முன்னால் போய் நின்று இறங்கிவிட்டேன்.

அறைக்கு வந்தால் சுதா வாசலில் நின்றாள். திட்டவில்லை. "டீச்சர்கிட்ட போன்ல பேசினேன்" என்றாள். "நீங்க ஹோட்டல்ல என்ன வேலை பார்க்கிறீங்கன்னு சொல்லிட்டேன். நான்தான் முதல் நாளே சொல்லியிருக்கணும். அவங்க முதலாளின்னு நினைச்சப்ப சும்மா இருந்துட்டேன்."

"நானும்தான் தலையாட்டினேன்."

"டீச்சர் உங்களைத் திங்கக்கிழமை வட்டத்துல உட்காரச் சொல்றாங்க. பிள்ளைங்க உங்களைப் பார்த்துத்தான் மாறிச்சுங்களாம். நீங்களே வந்து ஒரே ஒரு தட்டு எடுத்தா நல்லதாம்."

"வேண்டாம்மா. என் எச்சில் தட்டை ஒரு பச்சப்பிள்ளை கழுவணுமா? பாவம்மா."

"மத்த பிள்ளைங்க எல்லாம் அதைத்தானப்பா செய்யுது" என்றாள் சுதா. பிறகு, "நான் அன்னைக்குப் படம் எடுக்கப் போறதில்லை. இதுவரைக்கும் நடந்ததையும் நடந்த மாதிரியே எழுதப் போறேன். அப்பாதான் தட்டெல்லாம் எடுத்தாங்கன்னு எழுதணும். எழுதட்டுமா?" என்று கேட்டாள்.

அவள் எழுதுவதை எல்லாம் பெரிய பெரிய ஆட்கள் படிப்பார்கள். இருந்தாலும் எழுது என்று சொன்னேன்.

திங்கட்கிழமை வட்டத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு வலது பக்கம் ஆஷிக். இடது பக்கம் ஓடிவந்து உட்கார்ந்தது மீனு. பக்கத்தில் இருந்தால் தன் தட்டை முதலில் எடுப்பேன் என்ற கணக்கு அவளுக்கு.

"மாமா, இன்னிக்கு என் பாத்ரம்தான் ஃபர்ஸ்ட்டு, கேட்டோ" என்றாள் மலையாளம் கலந்த தமிழில்.

"இல்ல பாப்பா. இன்னைக்கு நான் இந்தத் தம்பி தட்டு மட்டும்தான்."

"அப்ப என்னோடது?"

"உனக்கு அந்தப் பக்கம் இருக்கிற அக்கா எடுக்கும்."

"அப்ப மாமாவோடது?"

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். எனக்கு உதவி செய்கிற எண்ணம் அவருக்கு இல்லை. "நீ" என்றேன்.

"ஐயே! எச்சி!" என்றாள், வராந்தா முழுக்கக் கேட்கும்படி. பிள்ளைகள் சிரித்தார்கள். சுதா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.  மீதி வைக்கக் கூடாது என்று வழித்துச் சாப்பிட்டேன். தட்டை விரலாலேயே துடைத்தும் வைத்தேன். முடித்ததும் கை தட்டை நோக்கிப் போனது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு ஆஷிக்கின் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். நாலா பக்கமும் தட்டுகள் உயர்ந்தன. "மாமா! பாத்ரம் மாமா! இங்க!" நான் நடந்தேன். ஒரே ஒரு தட்டோடு நடந்து எனக்குப் பழக்கம் இல்லை. இடது கை வேலையில்லாமல் தொங்கிக்கொண்டு கூடவே வந்தது. ஒரு சின்னப் பையன் தூக்கிய தட்டோடு என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனைத் தாண்டித்தான் போனேன். பிள்ளை தட்டை நீட்டுகிறது, நான் வாங்காமல் போகிறேன். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கூசியது.

எனக்கு முன்னால் டீச்சர் ஒரு தட்டோடு போனார். பின்னால் சுதா, பக்கத்துப் பிள்ளையின் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் எழுந்தார்கள். பல பிள்ளைகள் உட்கார்ந்தே இருந்தார்கள். "பழையபடி ஆக இன்னும் நாளாகும்" என்றார் டீச்சர், குழாயைத் திறந்துகொண்டே. "ஆகட்டும். நாங்க இங்கதானே இருக்கோம்."

நான் ஆஷிக்கின் தட்டைத் தேய்த்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. மீனு எடுக்கக் கூடாது என்றுதான் அந்த நேரத்தில் என் மனம் வேண்டிக்கொண்டது. மகளின் ஆராய்ச்சி, டீச்சரின் பாடு எல்லாம் தெரிந்தும் அப்படித்தான் வேண்டியது. என் எச்சிலை யாரும் தொட்டதில்லை. தொட வேண்டாம் என்றிருந்தது. தேய்த்த தட்டையே மறுபடி தேய்த்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில், என் இடுப்பு உயரத்தில் ஒரு சத்தம். மீனு நின்றாள். என் தட்டை இரண்டு விரலால் விளிம்பில் பிடித்து, உடம்பில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். முகம் முழுக்கக் கோணல். அந்தக் கோணலை நான் ஒரு நாளும் என் முகத்துக்கு வரவிட்டதில்லை. டீச்சர் அவளைக் கவனிக்காத மாதிரி கையில் இருந்த தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இதென்ன, கறிவேப்பில எல்லாம் ஓரத்துல வெச்சிருக்கு?" என்றாள் மூக்கைப் பொத்தியபடியே. "தின்னலையா?"

அத்தனை வழித்தும் கறிவேப்பிலையை ஒதுக்கி வைத்திருந்தேன். எனக்கே தெரியவில்லை. "தின்னலை" என்றேன்.

"டீச்சரே! இந்த மாமன் கறிவேப்பில தின்ன மாட்டாரு!"

குழாயடி முழுக்கச் சிரித்தது. இத்தனை வருஷம் எத்தனையோ பேர் ஒதுக்கிய கறிவேப்பிலையை வழித்துப் போட்டிருக்கிறேன். ஏன் தின்னவில்லை என்று ஒருவரைக்கூடக் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே தோன்றியதில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே தின்னுடுறேன்" என்றேன்.

"ம்" என்றாள். மூக்கிலிருந்து கையை எடுத்தாள், கழுவ இரண்டு கையும் வேண்டியிருந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டு முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம் என்று கழுவினாள். பாதித் தண்ணீர் என் காலில் கொட்டியது. பிறகு தட்டை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"போதுமா?"

ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது. என் கட்டைவிரல் அதைத் தேய்க்கப் போனது. இழுத்துக்கொண்டேன்.

"போதும்" என்றேன்.

அவள் அதைக் கொண்டுபோய்க் கழுவிய தட்டுகளின் மேல் வைத்தாள். திரும்பி வந்து ஈரக் கை இரண்டையும் என் வேட்டியில் அழுத்தித் துடைத்துவிட்டு வகுப்புக்கு ஓடினாள்.